"நிலையானது" என்று எழுதும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரி நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். முதுகலை வேதியியல், உயிர்த்தொழில்நுட்ப மாணவர்களின் ஆய்வேடுகளை நீங்கள் வழிநடத்துகிறீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படி ஓர் ஆய்வேடு எழுதி முடித்தவள் நான். மருந்து சுமக்கும் பாலிமர் குமிழிகள்தான் தலைப்பு.

நீரை விரும்பும் பகுதியும் வெறுக்கும் பகுதியும் கொண்ட பாலிமர் இழைகள் தண்ணீரில் தாமாகவே கூடி, உள்ளே நீர் தங்கும் இடம் விட்டு உருண்டுகொள்ளும். இந்தப் பாலிமர்சோம்களை 1999-ல் பென்சில்வேனியா, மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விவரித்தபோது சுவரின் தடிமன் சுமார் 8 நானோமீட்டர். கொழுப்பாலான லிப்போசோமுக்கு 3 முதல் 5தான். நம் பெங்களூரா மாங்காய் தோல் தடிப்பினால் லாரியில் அடிபடாமல் கூழ் ஆலைக்குப் போய்ச் சேர்வது போல, தடித்த சுவர் குமிழியைக் காக்கும் என்றுதான் நானும் நம்பினேன்.

குமிழிகளை வடிநீரில் போட்டு ஃபிரிட்ஜில் நான்கு வாரம் வைத்தேன். ஒளிச் சிதறலை வைத்துத் துகளின் அளவைக் காட்டும் டி.எல்.எஸ். கருவியில் அளவு மாறவில்லை. "நிலையானது, உடலுக்கு ஒத்துப்போவது" என்று எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

அப்புறம் வேலைக்குப் போன இடத்தில் அதே குமிழிக்குள் கால்சின் சாயத்தை அடைத்து உடல் வெப்பமான 37 டிகிரியில் பஃபரில் (அமில-காரத் தன்மை மாறாத கரைசலில்) வைத்தேன். கால்சினை உள்ளே நெருக்கி அடைத்தால் ஒளி மங்கிக் கிடக்கும், வெளியே கசிந்தால்தான் பளிச்சிடும். இரண்டாம் நாளே பளிச்சிட்டது. அளவு மட்டும் அப்படியே இருந்தது. கூடு உடையவில்லை, சரக்கு போய்விட்டது! ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தைச் சேர்த்ததும் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்தன. புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசினை லிப்போசோமில் அடைத்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, இதயத்துக்கு அது செய்யும் கேட்டைக் குறைப்பது. என்னுடையது போன்ற கூட்டில் அதை அடைத்திருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடலுக்கு ஒத்துப்போகும் என்பதையும் ஒரே செல் வகையில் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் 24 மணி நேர எம்.டி.டி. சோதனையை வைத்து முடிவு செய்துவிடுகிறோம். பாலிபியூட்டாடையீன் என்னும் பாலிமராலான சுவர் உடலில் எளிதில் சிதையாது. பாலிகாப்ரோலாக்டோன் மெல்லச் சிதையும், ஆனால் சிதையத் தொடங்கினால் கசிவும் கூடும். வெளியே பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) என்னும் நீர் விரும்பும் பாலிமரைப் பூசினால் எல்லாம் சரி என்பதும் இல்லை. பெக்குக்கு எதிரான ஆன்டிபாடி சிலர் உடலில் ஏற்கெனவே இருக்கிறது, அவர்களுக்கு மருந்து ரத்தத்திலிருந்து சீக்கிரமே அகற்றப்படலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அளவோடு கசிவையும், வடிநீரோடு சீரத்தையும், ஃபிரிட்ஜோடு 37 டிகிரியையும் கட்டாயமாக்குங்கள். சிவப்பணு உடைகிறதா என்று பார்க்க ஒரு சென்ட்ரிஃபியூஜும் 540 நானோமீட்டர் அலைநீள ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியும் போதும். ரத்தத்துக்கும் நெறிமுறைக் குழு அனுமதிக்கும் இரு மாவட்டத்திலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம். கசிந்தது, கட்டிதட்டியது என்று உண்மையை எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

என் ஆய்வேட்டோடு பிந்தைய அளவீடுகளையும் சேர்த்துத் தருகிறேன். உங்கள் மாணவர்களுக்கு அதையே முதல் பாடமாகக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் மாணவி