சிஏ 125 எத்தனை என்று கேட்கும் மகளுக்கு

தக்கலை

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளிக்கிழமைதோறும் மஸ்கட்டிலிருந்து நீ அழைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சிஏ 125 எத்தனை அம்மா?" என்பதுதான். சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த என் ரத்தத்தில், நோய் திரும்புகிறதா என்று பார்க்க அளக்கும் புரதம் அது. சென்ற மாதம் 19 என்று சொன்னேன். நீ நிம்மதியாக மூச்சு விட்டாய், பேச்சு உன் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது. 35க்குள் இருந்தால் அம்மா நலம் என்று நீ கணக்கு வைத்திருக்கிறாய். உன்மேல் குறையில்லை மக்களே. தூரத்தில் இருப்பவளுக்குப் பிடித்துக்கொள்ள ஓர் எண்ணாவது வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த 19 வந்த வாரத்தில்தான், தோசைக்கல்லில் விரல் பட்டும் சுடுவது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் சொன்னால் இருவரும் அழுதுவிடுவோம் என்பதால் எழுதுகிறேன்.

போன முறை திருவனந்தபுரத்தில் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன், செவிலிப் பெண் ஒருத்தி ஒரு கேள்வித்தாளைத் தந்தாள். புற்றுநோயாளிகள் எல்லோருக்கும் பொதுவாக 30 கேள்விகள். சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களுக்கென்று தனியாக 28. கடந்த ஒரு வாரத்தில் இன்ன தொல்லை இருந்ததா என்று கேட்டு, 'இல்லவே இல்லை' என்பதிலிருந்து 'மிக அதிகம்' வரை நான்கில் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். உடை இறுக்கமாக இருந்ததா என்ற கேள்வியில் என் பேனா நின்றுவிட்டது. நோய் தெரிவதற்கு முந்தைய நான்கு மாதங்களும் நான் பாவாடை நாடாவைத் தளர்த்திக்கொண்டேதான் இருந்தேன். இரண்டு வாய் கஞ்சி குடித்ததும் வயிறு நிறைந்துவிடும். பக்கத்தில் பார்த்த மருத்துவர் வாயு என்று மாத்திரை எழுதினார். வயதுக்கு வருகிற பருமன் என்று நானும் நம்பினேன். அன்று யாரும் கேட்காததை இத்தனை நாள் கழித்து ஒரு தாள் கேட்டது.

கைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு முறை எனக்கு ஏற்றிய இரண்டு கீமோ மருந்துகளில் பாக்லிடாக்சல் என்பது நரம்பு நுனிகளைப் பாதிப்பது. விரல் நுனிகளிலும் பாதங்களிலும் மதமதப்பாகத் தொடங்கி மெல்ல மேலே ஏறும். நான்காம் முறையிலேயே அது தொடங்கிவிட்டது. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்று பயந்து மறைத்தேன். அது பெரிய தவறு. சொல்லியிருந்தால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி இருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். இன்று தோவாளைப் பிச்சிப்பூ வாங்கினால் உன் சித்திதான் கட்டித் தருகிறாள். நார் என் விரலுக்குள் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பது கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தெரிகிறது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே குளிக்கிறேன். செருப்பில்லாமல் முற்றத்தில்கூட இறங்குவதில்லை. மாதங்கள் செல்லச் செல்லக் குறையும், சிலருக்கு முழுவதும் மாறாது என்கிறார்கள். இடது கையில் சற்றுக் குறைந்திருக்கிறது.

இரண்டு சினைப்பைகளையும் கருப்பையோடு எடுத்துவிட்டதால், மெல்ல மெல்ல வரவேண்டிய மாதவிலக்கு நிற்றல் எனக்கு 49 வயதில் ஒரே நாளில் வந்தது. ஆடிச் சாரலில் உன் அப்பா போர்வையைத் தேடும் இரவில், உடம்பெல்லாம் அனல் பரவி, வியர்வையில் நனைந்து நான் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பேன். தாம்பத்தியம் பற்றியும் அந்தத் தாளில் கேள்வி இருந்தது. நீயும் மணமானவள் என்பதால் எழுதுகிறேன்: வறட்சியும் வலியும் இந்தச் சிகிச்சையால் வருபவை, அவற்றுக்கும் மருந்து உண்டு என்று அந்தச் செவிலிப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னபோது, உன் அப்பாவின் அருகே போகவே தயங்கிக் கழித்த மாதங்களை எண்ணி எனக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது. பெண்கள் வாய்திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் அவர்களிடம் கேட்காமல் விடுவது நியாயமில்லை.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. மருத்துவரிடம் சொன்னேன். அவர் 2010இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வைப் பற்றிச் சொன்னார்: நோயின் அறிகுறி எதுவும் இல்லாத நிலையில், சிஏ 125 கூடியதை மட்டும் வைத்து முன்கூட்டியே கீமோ தொடங்கிய பெண்கள், அறிகுறி வந்த பிறகு தொடங்கியவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை; அவர்களின் அன்றாட வாழ்வு மட்டும் முன்னதாகவே நலிந்தது. அந்த ஆய்வுக்குப் பிறகு இந்த நோய்க்குப் புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. அதனால் பரிசோதனையை நிறுத்தும்படி அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வயிறு உப்புகிறதா, பசி இருக்கிறதா என்று நானே கவனித்துச் சொல்வதும் அந்த எண் அளவுக்கு முக்கியம் என்பதைப் புரிந்துகொண்டேன்.

களைப்பு இன்னும் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் உட்கார வேண்டும். உன் அப்பா மரச்சீனி அவித்து, நெத்திலிக் குழம்பும் வைக்கப் பழகிவிட்டார். நாக்கில் இரும்பு ருசி மாறி, குழம்பின் புளிப்பு மறுபடி தெரிந்த அன்று நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அன்று நீ அழைத்திருந்தால், எண்ணைவிட நல்ல செய்தி ஒன்று என்னிடம் இருந்தது.

ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை, இரவு தூங்கினேனா, கை எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டேன் என்று முதலில் கேள். எண்ணை நானே கடைசியில் சொல்கிறேன். விடுமுறையில் வரும்போது மெல்லிய பருத்தியில் இரண்டு நைட்டி வாங்கி வா. பொத்தான் வைத்தது வேண்டாம். என்னால் போட முடிவதில்லை.

அன்புடன்,
அம்மா