'கூடாது' என்பதன் கீழே ஒரு வரி

வெந்நீர்க் குளங்களும் பழைய நகரத்து இடிபாடுகளும் சேர்ந்திருக்கும் இடங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். உங்கள் பலகைகளில் தடை இருக்கிறது, காரணம் இல்லை. 'தலையை நீரில் முக்கக் கூடாது' என்று மட்டும் எழுதிவைத்தால், எட்டு வயதுப் பிள்ளை முதலில் செய்து பார்ப்பது அதைத்தான்.

வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறிவிடும். மிக அரிதுதான், வந்தால் பிழைப்பது கடினம். இங்கிலாந்தின் பாத் நகரில், ரோமானியர் கட்டிய குளியல் தலத்து நீரில் நீந்திய ஒரு சிறுமி 1978இல் இதனால் இறந்தாள். இன்று அந்தப் பழைய குளத்தில் யாரும் இறங்க முடியாது. பயமுறுத்த வேண்டாம், 'மூக்கில் நீர் ஏறக் கூடாது' என்றாவது எழுதலாமே?

துருக்கியின் பாமுக்கலேயில் வெந்நீர் ஊற்று உண்டாக்கிய வெள்ளைப் படிகளில் ஏற செருப்பைக் கழற்ற வேண்டும். ஊற்று நீர் வெளியே வந்ததும் அதிலிருக்கும் கரியமில வாயு பிரிந்து போகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு முதலில் கூழாகப் படிந்து, பிறகு கல்லாக இறுகுகிறது. கால் வைக்கும் இடத்தில் கல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால், பிள்ளையே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும்.

அதற்கு மேலேயே ஹியராபோலிஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். அங்கே பாதாள தேவனின் வாசல் என்று நம்பப்பட்ட ஒரு குகை உண்டு. உள்ளே ஓட்டிப்போன காளைகள் செத்து விழுந்தன, தான் வீசிய குருவிகளும் உடனே விழுந்தன என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். பூசாரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையாம்! கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். நின்ற மனிதனின் மூக்கு அதற்கு மேலே இருந்தது, காளையின் மூக்கு உள்ளேயே இருந்தது. பிள்ளையின் மூக்கும் நம்முடையதைவிடத் தாழ்வுதானே? இப்படிப்பட்ட இடத்தில் வேலி எதற்கு என்று இதைவிட நன்றாக யார் சொல்லிவிட முடியும்?

அப்புறம் சில சின்ன விஷயங்கள். அன்றன்று அளந்த நீர்ச் சூட்டையும் ஆழத்தையும் எழுதிப் போடுங்கள். சின்ன உடம்பு சீக்கிரம் சூடாகிவிடும். நீருக்குள் கிடக்கும் தூண்கள் வழுக்கும் என்பதையும் சொல்லுங்கள். பக்கத்தில் நிழலும் குடிநீரும் வேண்டும்.

பலகை பிள்ளைகளின் கண் உயரத்தில் இருக்கட்டும். எழுத்து பெரிதாக இருந்தால் எங்களுக்கும் நல்லது, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் குளத்தில் இறங்குகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தந்தை