பழைய பத்திரிகைத் தொகுதிகளைப் படமெடுத்துப் பொதுவில் வையுங்கள்

மதிப்பிற்குரிய நூலக, ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ்ப் பத்திரிகைகள் எந்த நிலையில் கிடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதுபற்றி உங்கள் மேசைக்கு வந்த மனுக்களில் மூன்று நான் அனுப்பியவை. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. நான்காவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குச் சென்ற ஆவணியில் நடந்தது காரணம்.

என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் சென்னைக்கு வந்தாள். நானும் உடன் வந்தேன். 1900களின் தொடக்கத்தில் வெளிவந்த தமிழ்ப் பத்திரிகைத் தொகுதி ஒன்றைக் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். முதல் நாள், பைண்டிங்கில் இருக்கிறது என்றார்கள். மறுநாள் சணல் கயிறு கட்டிய ஒரு மூட்டை வந்தது. கயிற்றை அவிழ்த்ததுமே ஓரங்கள் உதிர்ந்தன. மரக்கூழில் செய்த தாள், அதிலுள்ள அமிலமே அதை அரித்துவிடும். விரல் பட்டால் உடைகிறதென்று அவள் ஓர் அஞ்சலட்டையைத் தாளுக்கடியில் செருகி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். படம் எடுக்க அனுமதியில்லை. நகல் எடுக்கவும் அனுமதியில்லை. பென்சிலால் பதினொரு பக்கம் பார்த்து எழுதினாள்.

மாலையில் மூடும் நேரம் வந்தது. உதவியாளர் துடைப்பத்தோடு வந்து, மேசைமேலும் தரையிலும் கிடந்த பழுப்புத் துண்டுகளைக் கூட்டி முறத்தில் அள்ளினார். அவர் நல்ல மனிதர், தண்ணீர் வேண்டுமா என்று எங்களை இருமுறை கேட்டவர். அவர்மேல் எனக்குக் குறையில்லை. முறத்தில் கிடந்த ஒரு துண்டில் "வரிப்ப" என்ற நான்கு எழுத்துகள் மட்டும் இருந்தன. வரிப்பணமா, வரிப்பளுவா? அந்த வாக்கியத்தை இனி யாரும் படிக்க முடியாது. மூன்றாம் நாள், தொகுதி நொறுங்கும் நிலையில் இருப்பதால் இனி எடுத்துத் தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் தேடி வந்தது ஒரு சொல்லை. 1867இலேயே தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்து போவதைக் கணக்குப் போட்டுக் காட்டத் தொடங்கினார். இங்கே வசூலான வரியிலிருந்து அங்கே வாழும் அதிகாரிகளுக்கு ஓய்வூதியம், அங்குள்ள அலுவலகச் செலவு, கடனுக்கு வட்டி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோதும் இந்தியத் தானியம் கப்பலேறுவது நிற்கவில்லை. வறுமை தலைவிதியால் வந்ததல்ல, மழை பொய்த்ததால் மட்டும் வந்ததுமல்ல, ஓர் ஆட்சிமுறையால் வந்தது என்ற எண்ணம் பிறந்த இடம் அந்தக் கணக்கு. அந்நிய ஆட்சியை எதிர்த்த தேசியத்துக்கு வேர் அங்கே இருக்கிறது என்பது என் கருத்து. கொடியும் கோஷமும் பிறகு வந்தவை.

அந்தக் கணக்கு ஆங்கிலம் தெரியாத ஒரு தமிழ் வாசகரிடம் எந்தச் சொல்லில் வந்து சேர்ந்தது? இதுதான் அவளுடைய கேள்வி. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878இல் 'தி ஹிந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1882இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரம் பற்றி 1903இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை இன்றும் படிக்க முடிகிறது. அதே மனிதர் தம் தமிழ்ப் பத்திரிகையில் என்ன எழுதினார் என்று பார்க்கத்தான் வழியில்லை. 1904இல் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதி, மெம்பர் என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடி அலைந்து, எதுவும் பொருந்தாமல் மெம்பர் என்றே எழுதிவிட்டதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு என்றால், ஒரு பொருளாதாரக் கொள்கையை முழுவதும் தமிழில் சொல்ல என்ன பாடுபட்டிருப்பார்கள்! அந்த உழைப்பெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

இதைவிட வேதனையான ஒன்றையும் சொல்லவேண்டும். அக்கால அரசு இந்தியமொழிப் பத்திரிகைகளைக் கண்காணித்து, தனக்குக் கவலை தரும் பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி, தொடர்ந்து அறிக்கைகள் தயாரித்தது. அந்த அறிக்கைகள் பத்திரமாக இருக்கின்றன. மூலப் பத்திரிகை கிடைக்காத இடங்களில் ஆய்வாளர்கள் அவற்றைத்தான் எடுத்தாள்கிறார்கள். நம்மவர் தமிழில் எழுதியதை, அவர்களை வேவு பார்த்தவர்களின் ஆங்கிலத்திலிருந்து நாம் மறுபடி தமிழாக்கிப் படிக்கிறோம். என் மாணவிக்கும் அதையே பரிந்துரைக்கும்படி ஆகிவிட்டது. பரிந்துரைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே கேட்கிறேன்: எஞ்சியிருக்கும் தொகுதிகளைப் படமெடுத்துப் பொதுவில் வையுங்கள்.

தேசியப் பத்திரிகைகளுக்கு மட்டும் நான் கேட்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்' வேண்டும். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வேண்டும். சுதேசியம் பேசுகிறவர்களே, சாதியை வைத்துக்கொண்டு யாருக்குச் சுயராஜ்யம் கேட்கிறீர்கள் என்று அயோத்திதாசர் விடாமல் வாதிட்டார். அந்த வாதத்தைத் தள்ளிவிட்டுத் தேசியத்தின் தோற்றத்தை எழுதினால் அது பாதி வரலாறு. அவருடைய எழுத்துகள் தொகுக்கப்பட்டு நூலாக வந்த பிறகுதானே நம் வகுப்பறைகளில் பலர் அவர் பெயரையே கேட்டார்கள்?

பள்ளிப் பாடத்தில் இதெல்லாம் எப்படி வருகிறது? ஆங்கிலக் கல்வி வந்தது, தேசிய உணர்வு வளர்ந்தது என்று இரண்டு வரி. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். பாரதிக்கும் வ.உ.சி.க்கும் ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். 'இந்தியா' வார இதழ் 1908இல் சென்னையில் நடத்த முடியாமல் புதுச்சேரிக்குப் போக நேர்ந்ததை மேடையில் உருக்கமாகப் பேசுகிறோம். அந்தக் காலத்துப் பத்திரிகையில் ஓர் இதழையாவது காட்டுங்கள் என்று ஒரு மாணவி கேட்டால், மூன்றாம் நாள் கையை விரிக்கிறோம். மாலைக்கு ஆகும் செலவில் எத்தனை பக்கங்களைப் படமெடுத்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வராமல் இல்லை.

பணம் போதாது, ஆள் போதாது என்று நீங்கள் சொல்லக்கூடும். அதில் உண்மையும் இருக்கும். ஆனால் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா தனி ஒருவராகச் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. ஒரு தனிமனிதரால் முடிந்ததில் ஒரு பங்காவது துறையால் முடியவேண்டும்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களும் இதே தாள்களைப் பார்த்துக் கலங்குகிறவர்கள் என்று நம்பியே எழுதுகிறேன். முதலில் 1920க்கு முந்தைய தொகுதிகளை எடுங்கள். எவை நொறுங்கும் நிலையில் உள்ளன என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். படமெடுத்து முடியும்வரை, வெளிச்சம் பாய்ச்சாமல் கைப்பேசியில் படமெடுக்கவாவது வாசகர்களை அனுமதியுங்கள். உதிர்ந்த துண்டுகளைக் கூட்டித் தள்ளாமல் ஓர் உறையில் போட்டு, அந்தத் தொகுதியோடு வையுங்கள். இதற்குப் பணமே வேண்டாம். எங்கள் துறையில் பன்னிரண்டு மாணவர்கள் விடுமுறையில் வந்து உதவத் தயாராக இருக்கிறார்கள். பயிற்சி மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும்.

தை பிறந்ததும் நானும் அந்த மாணவியும் மறுபடி வருகிறோம். அதே தொகுதிக்குத்தான் சீட்டு எழுதிக் கொடுப்போம். அதற்குள் அதைப் படமெடுத்து வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்