அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய வீட்டுப் படங்களைப் பார்த்தோம். அம்மாவுக்குச் சமையல்கட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குக் கண் போனது கொல்லைக்கு அப்பால் தெரிகிற மண்கரை மேல்தான். போனில் கேட்டபோது 'அது சும்மா ஒரு குளம்ப்பா' என்றாய். சின்னக் குளத்துக்கு இத்தனை உயரக் கரை எதற்கு என்று மனசு கேட்கவில்லை. தேடிப் படித்தேன்.

அது வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரையாகத்தான் இருக்கும், அம்மாடி. 1934-இல் அமெரிக்காவில் உங்கள் ஒக்லஹோமா மாநிலத்தில் வாஷிடா ஆறு பெருகி, ஹேமன் என்ற ஊர்ப் பக்கம் 17 பேர் செத்திருக்கிறார்கள். அப்புறம்தான் வெள்ளத்தை ஓடைகளிலேயே மறித்துவிடலாம் என்று சின்னச் சின்ன மண் அணைகளாகக் கட்டத் தொடங்கினார்கள். 1948-இல் கார்டெல் பக்கம் கிளவுட் கிரீக்கில் முதல் அணை முடிந்தது. இன்று உங்கள் மாநிலத்தில் மட்டும் 2,100-க்கு மேல் இருக்கின்றன.

நம் கண்மாய் தண்ணீரைச் சேர்த்து வைக்க. அங்கே இருக்கும் அணை பெருமழையைப் பிடித்து நிறுத்தி, ஒரு குழாய் வழியாகச் சில நாட்களில் மெல்ல விட. மீறி வந்தால் ஓரத்தில் புல் வளர்த்த கலுங்கு வழியாகப் போய்விடும். மற்ற நாட்களில் அடியில் கொஞ்சம் தண்ணீரோடு சாதுவாகக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் நீ குளம் என்றாய்.

கட்டும்போது பெரும்பாலும் 50 வருஷம் உழைக்கும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். அன்றைக்குக் கீழே வெறும் வயல்கள். உடைந்தால் பயிர் போகும், அவ்வளவுதான். இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன. அதனால் மாப்பிள்ளையிடம் சொல்லி, அந்த அணை 'ஹை ஹசார்ட்' வகையா என்று விசாரிக்கச் சொல். அது கரையின் பழுதைச் சொல்கிற பெயர் இல்லை. கரை உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் ஆகும் என்பதற்காகப் போடுகிற பெயர்.

நீயும் ஒருமுறை கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் நடந்து பார். ஐப்பசியில் கண்மாய் ஏறும்போது நாங்கள் அங்கேதான் சுற்றுவோம். கசிவு கண்டால் ஒரு சொம்பில் பிடித்துச் சற்று நேரம் வைப்போம். தெளிவாக இருந்தால் கண் வைத்திருந்தால் போதும். சொம்படியில் மண் தங்கினால் தண்ணீர் கரையை உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம். அன்று ராத்திரி ஊரில் யாரும் தூங்க மாட்டோம். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர், எது கிடைத்தாலும் தண்ணீருக்கு வழிதான். அங்கேயும் கரைமேல் மரம் முளைத்திருக்கிறதா, வளை இருக்கிறதா, புல் காய்கிற காலத்தில் ஓரிடம் மட்டும் ஈரமாக இருக்கிறதா என்று பார்.

இந்த அணைகளைப் பெரும்பாலும் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட் என்கிற, மண்ணையும் நீரையும் காக்கும் உள்ளூர் அமைப்பின் ஆபீஸ்காரர்கள்தான் பராமரிக்கிறார்களாம். கரை உடைந்தால் தண்ணீர் எதுவரை பாயும் என்று வரைபடம் போட்டிருக்கிறார்களா என்று அவர்களிடம் கேள். இருந்தால் வாங்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. வீடு அதற்குள் வருகிறது என்றால் வேறு வீடு பாருங்கள். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா