ஜெல்லி ரோல் மார்ட்டனைப் பற்றி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. சில வாரங்கள் எதையும் படிக்க வேண்டாமென்று மருத்துவர் சொல்லிவிட்டதால், பகலெல்லாம் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'அவர் வெறும் தற்பெருமைக்காரர்' என்று நீங்கள் எழுதியிருந்ததற்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது.

1902-இல் ஜாஸ் இசையைத் தாமே உருவாக்கியதாக அவர் 1938-இல் ஒரு பத்திரிகைக்கு எழுதியது உண்மைதான். அவர் 1890-இல் பிறந்தவர் என்று ஞானஸ்நானப் பதிவு காட்டுவதால், அந்தக் கூற்று நிற்காது. ஆனால் அதற்காக அவருடைய இசையையும் சேர்த்து ஒதுக்குவது நியாயமன்று.

நியூ ஆர்லியன்ஸ் நகரின் கிரியோல் (பிரெஞ்சு, ஆப்பிரிக்கக் கலப்பு மரபு) குடும்பத்துப் பிள்ளையான அவர், அந்நகரின் ஸ்டோரிவில் பகுதியிலிருந்த விலைமாதர் இல்லங்களில் இளவயதிலேயே பியானோ வாசித்தார். அது தெரிந்ததும் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்நகரத்தில் பிரெஞ்சு நடன இசையும், கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாடல்களும், கியூபாவின் ஹபனேரா தாளமும் ஒன்றாகக் கலந்திருந்தன. ஹபனேராவில் உள்ள அந்த ஸ்பானியச் சாயல் இல்லாவிட்டால் ஜாஸில் சரியான மசாலா சேராது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

1926 செப்டம்பரில் சிகாகோவில் 'ரெட் ஹாட் பெப்பர்ஸ்' குழுவோடு அவர் பதிவுசெய்த 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்' என்னும் உருப்படியைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏழு பேர், ஏறத்தாழ மூன்று நிமிடம். அதற்குள் எங்கே எல்லோரும் சேர்ந்து முழங்க வேண்டும், எங்கே தாளம் சட்டென்று நின்று ஒருவருக்கு இடம்விட வேண்டும், எங்கே கிளாரினெட் தனித்துப் பேச வேண்டும் என்பதையெல்லாம் முன்பே தீர்மானித்துவிட்டு, ஒவ்வொருவரின் மனோதர்மத்துக்கும் இடம் வைத்திருக்கிறார். எழுதிய இசையும் அப்போதைக்கப்போது பிறக்கும் இசையும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ முடியும் என்பதற்கு, அக்காலத்தில் இதைவிடத் தெளிவான சான்றை நான் கேட்டதில்லை.

1930-இல் அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த விக்டர் நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1935-இல் அவருடைய 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவால் பெரும்புகழ் பெற்றபோதும், அவருக்குக் கிடைத்த பணம் மிகச் சொற்பமே. அந்தப் பெருமைப் பேச்சை, தமக்குச் சேர வேண்டியதைக் கேட்ட ஒருவரின் குரலாகவே நான் கேட்கிறேன்.

1938-இல் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்காக, நாட்டுப்புற இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவரைப் பேசவும் வாசிக்கவும் வைத்துப் பதிவுசெய்தார். எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பதிவில் அவர் காலால் தாளம் தட்டுவதும் கேட்கிறது. மூன்றே ஆண்டுகளில், 1941 ஜூலையில், லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

அந்தப் பதிவில் 'தி கிரேவ்' (The Crave) என்றொரு உருப்படி உண்டு. முதல்முறை அதன் இடதுகையை மட்டும் கவனித்துக் கேளுங்கள். கேட்டபின் எனக்கு எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள நண்பன்