வாழ்வாதாரத் திட்டம் பயன் தந்ததா என்பதை எப்படி அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வடக்கில் வாழ்வாதாரத் திட்டமொன்று முடிந்ததும் பத்திரிகைகளுக்கு வரும் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. இத்தனை குடும்பங்களுக்கு ஆடு, இத்தனை பெண்களுக்குத் தையல் இயந்திரம், பயனாளிகளில் மிகப் பெரும்பாலானோர் திருப்தி, எனவே திட்டம் வெற்றி. இதில் ஒரு சொல்லும் பொய்யாக இல்லாதிருக்கலாம். ஆனால் திட்டம் பயன் தந்ததா என்ற கேள்விக்கு இதில் விடை கிடையாது. அந்த விடை வேண்டுமென்றால் முதல் ஆடு கைமாறுவதற்கு முன்னரே சில வேலைகள் நடந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின்னர் ஓர் ஆலோசகரை மூன்று வாரத்துக்குக் கூப்பிட்டு அந்தக் குறையை நிரப்ப முடியாது.

முதலில் அந்தத் ‘திருப்தி’யைப் பார்ப்போம். உதவி தந்த நிறுவனத்தின் பணியாளரே வீட்டுக்கு வந்து, “உதவி பிரயோசனமாக இருந்ததா?” என்று கேட்டால், “ஓம், நல்ல பிரயோசனம்” என்றுதான் பதில் வரும். இல்லையென்றால் அடுத்த பட்டியலில் பெயர் வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், வீடு தேடி வந்தவரை முகம் கோண வைக்கக்கூடாது என்ற மரியாதை மறுபக்கம். கிராம அலுவலரும் கூட நின்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே உதவி வழங்கியவர்கள் தரவு சேகரிக்கக்கூடாது. கேள்வியும் கருத்தைக் கேட்பதாக இருக்கக்கூடாது. “கடந்த 30 நாட்களில் இந்த இயந்திரத்தில் எத்தனை உடுப்புத் தைத்து விற்றீர்கள், கையில் எவ்வளவு வந்தது, நூலுக்கும் துணிக்கும் எவ்வளவு போனது” என்று கேட்டால் ஓம் போட்டுத் தப்ப முடியாது. இயந்திரம் வீட்டில் இருப்பது வெளியீடு. அதனால் வருமானம் கூடியிருப்பது விளைவு. பல அறிக்கைகள் முதலாவதை எண்ணிவிட்டு இரண்டாவதன் பெயரைச் சூட்டுகின்றன. (நன்கொடையாளர் வரும் நாளில் மட்டும் இயந்திரத்தின் உறை கழற்றப்படுவது தனிக்கதை.)

அடுத்தது முன்–பின் ஒப்பீடு. திட்டத்துக்கு முன் மாதச் செலவு 40,000 ரூபா, பின்னர் 70,000 ரூபா, ஆகவே 75 வீத முன்னேற்றம் என்று எழுதிவிடுவது மிகச் சுலபம். 2021இல் தொடங்கி 2023இல் முடிந்த எந்தத் திட்டத்திலும் இப்படியொரு கணக்கு அர்த்தமற்றது. 2022 செப்டெம்பரில் இலங்கையின் தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 73.7 வீதம். அந்த இரண்டு வருடங்களில் ரூபாவில் ஏறிய தொகை பல வீடுகளில் உண்மையில் இறக்கமாகவே இருந்திருக்கும். மறுபக்கமும் உண்டு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. அதற்கு முன் கடற்றொழிலாளருக்கு மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரமோ தோட்டக்காரருக்கு நீரிறைக்கும் இயந்திரமோ கொடுத்த திட்டத்தை அந்த வருடக் கடைசியில் அளந்தால் தோல்வி என்றே தெரியும். அது திட்டத்தின் தோல்வி ஆகாது.

இதற்கு மருந்து, உதவி பெறாத ஆனால் மற்றெல்லாவற்றிலும் ஒத்த குடும்பங்களை அதே நாட்களில், அதே வினாக்கொத்தால், திட்டத்துக்கு முன்னும் பின்னும் அளப்பது. மேற்சொன்ன உதாரணத்தையே எடுப்போம். உதவி பெறாத குடும்பங்கள் 42,000 ரூபாவிலிருந்து 66,000 ரூபாவுக்குப் போயிருந்தால் அவர்களின் ஏற்றம் 24,000 ரூபா. உதவி பெற்றோரின் ஏற்றம் 30,000 ரூபா. திட்டத்தின் பங்கு என்று சொல்லக்கூடியது எஞ்சிய 6,000 ரூபா மாத்திரமே. விலையேற்றம் இரு பக்கத்தையும் ஒரேயளவில் தொட்டிருப்பதால் அது கழிந்துவிடுகிறது.

இந்தக் கழித்தல் ஒரு நிபந்தனையில் நிற்கிறது. உதவி இல்லாதிருந்தால் இரு பக்கமும் ஒரே போக்கில்தான் போயிருக்கும் என்பதே அது. நம் யாழ்ப்பாண மாவட்டத்தில் அதிகம் பிழையாகும் இடம் இதுதான். செம்மண்ணில் கிணற்று நீரிறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்யும் உடுவில் குடும்பத்தை மருதங்கேணிக் கரையோரக் குடும்பத்தோடு ஒப்பிட முடியாது, கோப்பாயோடு ஒப்பிடலாம். நெடுந்தீவை எந்த நிலப்பகுதிப் பிரிவோடும் ஒப்பிட முடியாது. வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்பட்டு மீளக்குடியேறிய குடும்பங்கள் முதல் இரண்டு மூன்று வருடங்களில், யாரும் எதுவும் கொடுக்காவிட்டாலும், கிணறு இறைத்து வேலி அடைத்து மேலெழும்பவே செய்யும். அவர்களை இடம்பெயராத ஊரோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் வெற்றிதான். இன்னொரு பொறி, மிக மோசமான மாதத்தில் இருந்தவர்களையே தேடித் தெரிவது. நோயோ கடனோ அழுத்திய அந்த மாதம் கழிந்ததும் பெரும்பாலானோர் தம் வழக்கமான நிலைக்குத் தாமாகவே திரும்புவர். அந்தத் திரும்பலையும் திட்டம் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

பருவத்தையும் மறக்கக்கூடாது. இங்கே நெல் பெரும்பாலும் காலபோகம் ஒன்றுதான். ஐப்பசியில் விதைநெல்லுக்கும் உழவுக்கும் கொடுத்துக் கை வெறுமையாக இருக்கும்போது அடிப்படை ஆய்வையும், மாசியில் சூடடித்து முடிந்த கையோடு இறுதி ஆய்வையும் வைத்தால், முன்னேற்றம் வானத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். மாரியில் கடலுக்குப் போக முடியாத நாட்களுக்கும் இது பொருந்தும். இரண்டு ஆய்வும் ஒரே தமிழ் மாதத்தில் நடக்கட்டும். நிதியாண்டு முடிகிறது என்பதற்காகத் திகதியை முன்னே பின்னே தள்ளுவதுதான் வழமையான குற்றம்.

ஒத்த குடும்பங்களைத் தேடுவதைவிடச் சிறந்த வழி ஒன்றுண்டு. 200 பேருக்குக் கொடுக்க வசதி, தகுதியானோர் 400 பேர் என்றால், எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி முதல் 200 பேரைத் தெரிவு செய்து, மற்றவர்களுக்கு அடுத்த வருடம் கொடுக்கலாம். யார் முந்துவது என்பதை அதிர்ஷ்டம் மட்டுமே தீர்மானித்ததால் இரு பகுதியும் சராசரியில் ஒத்திருக்கும். மெக்சிக்கோவில் 1997இல் தொடங்கிய, ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் வழங்கும் புறோகிறேசா திட்டத்தில் 506 கிராமங்களை இப்படி எழுமாற்றாகப் பிரித்து, 320 கிராமங்களை முதலிலும் 186 கிராமங்களைப் பின்னரும் சேர்த்தார்கள். இது அநியாயம் என்று இங்கே சிலர் சொல்வர். பட்டியல் யாருடைய சிபாரிசில் தயாராகிறது என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்போது குலுக்கலை அநியாயம் என்பது எனக்கு விளங்கவில்லை. புள்ளியிட்டுத் தெரிவு செய்யும் திட்டங்களில், 2023இல் தொடங்கிய அரச நலன்புரித் திட்டமான அஸ்வெசும போன்றவற்றில், வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் நிற்கும் குடும்பங்களை ஒப்பிடலாம். ஓரிரு புள்ளி வித்தியாசத்தில் வறுமை மாறிவிடாது. உதவி மட்டும் மாறுகிறது. புள்ளிகளைத் திருத்தி எழுதியிருந்தால் இந்த முறை சரிவராது.

எத்தனை பேரைக் கேட்பது? 384 என்ற எண் எல்லா ஆய்வு முன்மொழிவிலும் வருகிறது. அது 95 வீத நம்பிக்கையில், 5 வீதம் கூடக் குறைய, பெரிய சனத்தொகையொன்றில் எத்தனை வீதமானோர் என்பதை மதிப்பிடுவதற்கான எண். மொத்தப் பயனாளிகளே 400 பேர் என்றால் ஏறத்தாழ 196 பேர் போதும். ஆனால் 384ஐக் கிராமம் கிராமமாக எடுக்கும்போது அது போதாது. ஒரே கிராமத்தவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் இருபதாவது ஆள் புதிதாகச் சொல்வது குறைவு. அந்த ஒத்திருப்பின் அளவு (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் முழு ஒற்றுமை) 0.05 என்று கொண்டால், கிராமத்துக்கு 20 வீடுகள் எடுக்கும் ஆய்வுக்கு 384ஐ 1.95ஆல் (1 + 19 × 0.05) பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 750 வீடுகள், 37, 38 கிராமங்கள். கிராமத்துக்கு 8 வீடுகள் என்றால் பெருக்கும் எண் 1.35தான்: ஏறத்தாழ 520 வீடுகள், 65 கிராமங்கள். இந்த மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. பரவலாகப் போக இடமுண்டு. வாகனச் செலவை மிச்சம் பிடிக்க ஐந்தே கிராமங்களில் 80, 80 வீடுகளாகக் கேட்டு 400ஐ நிரப்புவது மோசமான சிக்கனம்.

திட்டத்தின் பலனைக் கண்டுபிடிப்பதற்கு வேறு கணக்கு. கடனில்லாத குடும்பங்கள் 40 வீதத்திலிருந்து 60 வீதமாகும் என எதிர்பார்த்தால், 80 வீத வாய்ப்போடு அதைப் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 97 குடும்பங்கள் போதும். 50 வீதம் 60 வீதமாவதைப் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 390 வேண்டும். கிராமங்களுக்கான பெருக்கல் இதற்கு மேல். 60 பேரைக் கேட்டுவிட்டு ‘பலன் காணப்படவில்லை’ என்று எழுதுவதும் பிழை. அந்த ஆய்வுக்குக் காணும் சக்தியே இருக்கவில்லை.

வீடு தெரிவதற்கு வாக்காளர் இடாப்பை மட்டும் நம்பக்கூடாது. வெளிநாடு போனவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். புதிதாக வந்து வாடகைக்கு இருப்பவர்களின் பெயர்கள் இருக்காது. தெரிவான கிராமங்களை முதலில் நடந்து பார்த்து வீடுகளை எண்ணிப் பட்டியலிட ஒரு நாள் ஒதுக்க வேண்டும். ஒரே வளவில் பெற்றோரும் மணமுடித்த மகளும் இருந்தால் எத்தனை குடும்பம்? ஒரே உலையில் சமைத்து உண்போர் ஒரு குடும்பம் என்று முன்கூட்டியே முடிவெடுத்து எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். படலை பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவது தகவல் திரட்டுவோரின் பழக்கம். அப்படிச் செய்தால் பகலில் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே மாதிரிக்குள் வருவார்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் விழுந்துவிடும். வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை போக வேண்டும். அப்போதும் இல்லையென்றால் ‘பதிலில்லை’ என்று பதிய வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வருமானத்தை நேரே கேட்பது வீண். வெளிநாட்டுக் காசை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. செலவைக் கேளுங்கள்: சாப்பாட்டுக்குக் கடந்த 7 நாள், மின்சாரம் போக்குவரத்துக்கு 30 நாள், உடுப்பு, பள்ளிக்கூடம், வைத்தியத்துக்கு 12 மாதம். அடகில் இருக்கும் நகை, சீட்டுக் காசு, நுண்கடன் தவணை மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். தவணை கட்டுவதற்காக ஆட்டை விற்ற குடும்பம் அப்போதுதான் கண்ணில் படும். வினாக்கொத்தை மாதிரியில் சேராத 20, 30 வீடுகளில் முன்பரிசோதனை செய்யாமல் அச்சடிக்கக்கூடாது. கைத்தொலைபேசியில் கோபோ போன்ற இலவசச் செயலியால் சேகரித்தால் ஒவ்வொரு நேர்காணலும் தொடங்கிய, முடிந்த நேரம் பதிவாகும். 45 நிமிடம் எடுக்க வேண்டியது 9 நிமிடத்தில் முடிந்திருந்தால் அன்று மாலையே கேட்கலாம். பத்து வீட்டில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய் நாலைந்து கேள்விகளைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாம் முறை போகும்போது சிலர் இருக்கமாட்டார்கள். வன்னிக்கோ கொழும்புக்கோ போயிருப்பார்கள். முதலிலேயே 15 வீதம் கூடுதலாக எடுப்பது இதற்காகத்தான். ஆடு செத்தவர்கள், கோழிக்கூட்டை விறகாக்கியவர்கள், பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் எல்லோரும் கணக்கில் இருக்க வேண்டும். நிலைத்தவர்களை மட்டும் அளந்து சராசரி சொன்னால் அது நிலைத்தவர்களின் சராசரி மாத்திரமே.

குழுக் கலந்துரையாடல் பற்றி ஒன்று. ஆறு முதல் பத்துப் பேர், பெண்கள் தனியாக, கூடவே இடமும் கவனிக்கப்பட வேண்டும். கோயில் மண்டபத்தில் வைத்தால் யார் உள்ளே வந்து இருக்கமாட்டார்கள் என்பது இவ்வூர் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சனசமூக நிலையமும் எல்லோருக்கும் பொதுவாக இல்லாத ஊர்கள் உண்டு. சங்கத் தலைவரே ஆட்களைக் கூட்டிவந்தால் தலைவரின் கருத்தே பத்துக் குரலில் கேட்கும்.

இவ்வளவும் எல்லாத் திட்டத்துக்கும் வேண்டுமா? வேண்டாம். 50 குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கும் சங்கம் தாக்கத்தை அளப்பதாகப் பாவனை செய்யத் தேவையில்லை. யாருக்கு எப்போது என்ன கொடுத்தது, ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எத்தனை உயிரோடு இருந்தன, ஏன் செத்தன என்று ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதினால் போதும். 1991இல் ஐந்தாக வகுக்கப்பட்டு 2019இல் ஆறாக்கப்பட்ட, பொருத்தம், தாக்கம், நிலைபேறு போன்ற சர்வதேச மதிப்பீட்டு அளவுகோல்களின் தலைப்புகளை நிரப்பி எண்பது பக்க அறிக்கை எழுதுவதைவிட அந்தக் கொப்பி பெறுமதியானது. கோடிக்கணக்கில் செலவாகும் திட்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

அந்த அறிக்கைகளை வாசகர்கள் கேட்டுப் பெறலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச நிறுவனங்களோடு நிற்கவில்லை. அரசாலோ வெளிநாட்டு அரசாலோ சர்வதேச அமைப்பாலோ கணிசமாக நிதியளிக்கப்பட்டு மக்களுக்குச் சேவை வழங்கும் தொண்டு நிறுவனங்களும், அந்தச் சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, அதற்குள் வருகின்றன. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அறிக்கையை மட்டும் கேட்காமல் வினாக்கொத்து, வீடுகள் தெரிவு செய்யப்பட்ட முறை, இரண்டு ஆய்வும் நடந்த திகதிகள், இரண்டாம் முறை காணாமற்போன குடும்பங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கேளுங்கள்.

இவ்வண்ணம்,
சமூக ஆய்வுமுறை பயிற்றுநர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.