கிளியோபாட்ராவைக் கொன்றது பாம்புதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எகிப்திய அரசி கிளியோபாட்ரா பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரை, அவர் பாம்பு கடித்து இறந்தார் என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டது. இத்தனை உறுதி எங்கிருந்து வந்தது?

கி.மு. 30 ஆகஸ்டில் அலெக்சாந்திரியாவில் நிகழ்ந்த அந்த மரணத்தை விரிவாக எழுதிய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், நூறாண்டுக்கும் மேல் பிந்தியவர். அத்திப்பழக் கூடையில் பாம்பு வந்த கதையைச் சொன்ன அவரே, உள்ளீடற்ற கொண்டை ஊசியில் விஷம் இருந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு என்கிறார். கடைசியில், உண்மை யாருக்கும் தெரியாது என்று கையை விரித்துவிடுகிறார். அவருக்கு முந்திய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவும் பாம்பா, விஷத் தைலமா என்று முடிவு சொல்லவில்லை.

கதவைத் திறந்து பார்த்தபோது அரசி பொற்கட்டிலில் இறந்து கிடந்தார். காலடியில் பணிப்பெண் ஈராஸின் உயிர் பிரிந்துகொண்டிருந்தது. நிற்கவே முடியாத நிலையில் இன்னொரு பணிப்பெண் சார்மியன், அரசியின் தலையில் இருந்த மகுடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அறையில் பாம்பு அகப்படவில்லை. ஒரே நாகம் மூன்று பெண்களையும் கடித்து, சிறிது நேரத்திலேயே சாகடித்துவிட்டு மாயமாகிவிட்டதாம்! எகிப்திய நாகம் ஐந்தடிக்கு மேலும் வளரக்கூடியது. அது பழங்களுக்கடியில் சத்தமில்லாமல் சுருண்டு கிடந்தது என்பதை நான் நம்பத் தயாரில்லை.

எகிப்தை வென்ற ரோமானியத் தலைவர் ஆக்டேவியன் ஆணையிட்ட கொலை என்போரும் உண்டு. அரசியின் மகன் சிசேரியனை அவர் கொன்றது உண்மைதான். ஆனால் ரோமாபுரி வெற்றி ஊர்வலத்தில் அரசியை உயிரோடு நடத்திச் செல்லவே அவர் விரும்பினார் என்கிறார் புளூட்டார்க். அது கைகூடாமல், பாம்பு பற்றிக்கொண்டிருந்த அரசியின் உருவத்தைத்தான் மறு ஆண்டு ஊர்வலத்தில் கொண்டுபோனார்கள். பாம்புக் கதை பரவ அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

என் கட்சி விஷம்தான். மறுப்போர் எழுதட்டும்.

வாசகர், திருச்சி